போலோ ஜிடிக்கு ரோல் பாரும் பக்கெட் சீட்டும்: அம்பத்தூர் பட்டறை வேலை, பிரித்துப் பார்த்த பிறகு

கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது கறுப்புப் பவுடர் கோட்டிங் அடித்த குழாயும் சிவப்புத் தையல் போட்ட சீட்டும். படம் எடுத்துப் போட்டால் லைக் குவியும். மார்க் போட வேண்டிய இடமோ தரைக் கம்பளத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் இந்த விமர்சனத்துக்காகக் கம்பளத்தைத் தூக்கி, காரை லிஃப்டில் ஏற்றி, ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தோம்.

கார்: போலோ ஜிடி, 1.2 டிஎஸ்ஐ. பட்டறை: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட். வேலை: கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்கும் குழாய்ச் சட்டம், அதாவது போல்ட் போட்டு மாட்டும் பின்பக்க ரோல் பார். அதன் உறுப்புகள்: டிரைவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மெயின் ஹூப், அதிலிருந்து பின்னால் சாயும் இரண்டு பேக்ஸ்டே, குறுக்கே ஒரு டயகனல், தோள் பெல்ட் கட்ட ஒரு ஹார்னஸ் பார். கூடவே எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8855-1999 லேபிள் உள்ள இரண்டு பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட் இரண்டு செட்.

ரோல் பாருக்கு நல்ல மார்க். சீட் ஸ்டாண்டுக்குப் பாதி. பெல்ட் கட்டிய விதத்துக்கு முதலில் பூஜ்யம், திருத்திய பிறகு பாஸ்.

முதலில் டியூப். இந்த ஊரில் ரோல் பார் என்று கேட்டால் பாதிப் பேர் லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கிய, துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைத்தான் வளைத்துக் கொடுக்கிறார்கள். "ஒன்றரை இன்ச், பி கிளாஸ், யானை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வார்கள். பைப் வேறு, டியூப் வேறு. பைப்பில் ஒன்றரை இன்ச் என்பது தண்ணீர் போகும் உள்விட்டத்தை ஒட்டி வைத்த பெயர், அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. டியூபில் சொல்கிற அளவு வெளிவிட்டமேதான். பெயர் ஒன்றாக இருப்பதால் எடையும் தெரியாது, பலமும் தெரியாது. ஜிஐ மேல் உள்ள துத்தநாகம் வெல்டிங் சூட்டில் ஆவியாகி, தையலுக்குள் குமிழி குமிழியாக ஓட்டை விடும். வெளியே கிரைண்டர் ஓட்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

எஃப்ஐஏ விதி கேட்பது குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் கார்பன் ஸ்டீல். மெயின் ஹூப்புக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50-க்கு 2. பேக்ஸ்டே, டயகனல் போன்றவற்றுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. இழுவை பலம் குறைந்தது 350 மெகாபாஸ்கல். தகட்டைச் சுருட்டி வெல்ட் செய்து பிறகு டையில் இழுக்கும் டிஓஎம் வகையும் பலமானதுதான், அமெரிக்க கிளப்கள் அதை ஏற்கின்றன. எஃப்ஐஏ மட்டும் சீம்லெஸ்ஸில் பிடிவாதமாக நிற்கிறது. ஆவடியிலேயே டியூப் ஆலை இருக்கும் ஊரில் நல்ல சரக்கு கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், தேடவில்லை என்று அர்த்தம்.

இந்தப் பட்டறை போட்டது 45-க்கு 2.5 சீம்லெஸ், மற்றவற்றுக்கு 40-க்கு 2. மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டை எடுத்துக் காட்டினார்கள். அதில் இருந்த ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதி என்று சொல்லும் எண்) மிச்சத் துண்டில் பதித்திருந்த நம்பரும் ஒன்று. கேட்காமலே காட்டியது பெரிய விஷயம். சர்டிஃபிகேட் இல்லாத இடத்தில் ஒரு வழி உண்டு: சுமை அதிகம் வராத ஒரு மூலையில் 5 மி.மீ. ஓட்டை ஒன்று போடச் சொல்லி, வெர்னியரின் வால் பக்கத்தை உள்ளே விட்டுத் தடிமனைப் பார்க்கலாம். ஓட்டை போட மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் "ஐம்பது கிலோ ஏறிடும்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. 45-க்கு 2.5 டியூப் மீட்டருக்கு 2.6 கிலோ, 40-க்கு 2 மீட்டருக்கு 1.9 கிலோ. ஹூப்புக்குச் சுமார் 3.6 மீட்டர், மற்றதெல்லாம் சேர்த்து சுமார் 4.7 மீட்டர். டியூப் மட்டும் 18 கிலோவை ஒட்டி வருகிறது. மேல் தகடு, அடித் தகடு, போல்ட் எல்லாம் சேர்த்தால் 21, 22 கிலோ. ஒரு அரிசி மூட்டைகூட இல்லை.

வளைவு அடுத்த கண்டம். விதிப்படி வளைவின் ஆரம், டியூபின் நடுக்கோட்டில் அளந்தால், விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 45 டியூபுக்கு 135 மி.மீ. வளைத்த இடத்தில் டியூப் கொஞ்சம் முட்டை வடிவம் ஆகும். சின்ன விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்தால் 0.9-க்குக் கீழே போகக் கூடாது. இங்கே மேல் வளைவில் அளந்தபோது 43.4-ம் 46.2-ம் வந்தது, வகுத்தால் 0.94. உள்பக்கம் சுருக்கம் இல்லை. பிளம்பர் வைத்திருக்கும் ஹைட்ராலிக் பெண்டரில் வளைத்தால் இப்படி வராது. வளைவின் உள்பக்கம் சட்டைக் காலர் மாதிரி மடிந்திருக்கும், உருளும்போது ஹூப் முதலில் மடங்குவது அந்த மடிப்பில்தான். மணல் நிரப்பிச் சூடு காட்டி வளைப்பது இன்னொரு நாட்டு வைத்தியம். சூடு பட்ட இடத்தில் குளிர் இழுவையில் கிடைத்த பலம் போய்விடும், அதனால்தான் விதியும் குளிர்நிலை வளைவை மட்டும் ஏற்கிறது.

வெல்டிங் டிக் (TIG) முறையில் செய்தது. டயகனலின் மேல் முனை டிரைவர் பக்கம், அதாவது வலது தோளுக்கு மேலே. பேக்ஸ்டே சேரும் இடத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கிறது, 100-க்குள் இருந்தால் போதும். கீழ் முனை இடது பாதத்தை ஒட்டி இறங்குகிறது. டயகனலைத் தலைகீழாகப் போட்ட கார்களை ஊருக்குள் நிறையப் பார்க்கலாம், இடது கை டிரைவிங் நாட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே அடித்தவை. போல்ட் கிட் என்பதால் வெல்டிங் முழுக்க காருக்கு வெளியே நடந்திருக்கிறது. எனவே கூரையை ஒட்டிய மேல் பக்கத்திலும் தையல் முழு வட்டமாக இருக்கிறது. காருக்குள்ளேயே வைத்து வெல்ட் செய்யும் இடங்களில் வெல்டிங் டார்ச் நுழையாத மேல் கால்வட்டத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். சின்னக் கண்ணாடியையும் டார்ச் லைட்டையும் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி கம்பளத்துக்குக் கீழே.

ரோல் பாரின் பலம் பாதத்தில் இருக்கிறது. காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதன் மேல் வெறும் குழாயை நிறுத்தினால், கார் கவிழும்போது குழாய் வளையாது, தரையைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். அதனால்தான் பாதத் தகடும், தரைக்கு அடியில் எதிர்த் தகடும் வைத்து நடுவே தரையைச் சாண்ட்விச் மாதிரி பிடிக்கிறோம். மெயின் ஹூப் பாதத்துக்கு 3 மி.மீ. தடிமன், 120 சதுர செ.மீ. பரப்பு. பேக்ஸ்டே பாதத்துக்கு 60 சதுர செ.மீ. போதும். ஒவ்வொரு பாதத்துக்கும் குறைந்தது மூன்று போல்ட், எம் 8, 8.8 தரம்.

இங்கே ஹூப் பாதம் 100-க்கு 120, சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்) ஓரத்தில் எல் வடிவமாக மடித்து ஏற்றியிருக்கிறார்கள். சில்லின் பெட்டி அமைப்பிலும் சுமை இறங்கும். யோசித்துச் செய்த வேலை இது. இடது பேக்ஸ்டேயின் அடித் தகடு ஒரு பிராக்கெட்டுக்கு இடம் விட்டுக் கொத்தப்பட்டிருக்கிறது. அளந்ததில் மிச்சம் 85 சதுர செ.மீ., அதனால் பிரச்சினை இல்லை. இதே கொத்தல் ஹூப் பாதத்தில் இருந்திருந்தால் ஃபெயில்.

கோட்டை விட்டது வலது ஹூப் பாதத்தில். மழைத் தண்ணீருக்காகக் காருக்கு அடியில் அடிக்கும் தார் கோட்டிங் நம்மூர்க் கார்களில் தடியாக இருக்கும். அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே எதிர்த் தகட்டை வைத்து முறுக்கிவிட்டார்கள். முறுக்கிய அன்றைக்கு எல்லாம் கல்லு மாதிரி இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் வெயிலில் இரண்டு ரவுண்டு போய் வந்தால் தார் இளகிப் பிதுங்கும், போல்ட்டின் இறுக்கம் தளரும். நான்கு போல்ட்டில் மூன்று, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்ததும் கால் சுற்றுத் திரும்பின. தகட்டைச் சுற்றி மூக்கு ஒழுகின மாதிரி கறுப்பாக ஒரு கோடு பிதுங்கி நின்றது. மற்ற மூன்று பாதத்திலும் ஒழுங்காகச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, விளிம்புக்கு சீம் சீலர் போட்டிருந்தார்கள். நாலாவதை வேறு ஒரு பையன் செய்திருக்க வேண்டும். சொன்னதும் கழற்றிச் சுரண்டி மறுபடி மாட்டிக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை.

ஓட்டை போடுவதில் ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி ஹேட்ச்பேக்குகளில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கும், பிளாஸ்டிக் டேங்க். பிரேக் லைனும் பெட்ரோல் லைனும் தரைக்கு அடியில் ஓரமாகவே ஓடும். மேலிருந்து பார்த்து டிரில்லை அழுத்துவது தற்கொலைக்குச் சமம். முதலில் 3 மி.மீ. பைலட் ஓட்டை, டிரில் பிட்டில் ஆழத்தைக் கட்டுப்படுத்த ஒரு ஸ்டாப்பர், கீழே லிஃப்டில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும். இங்கே அப்படித்தான் செய்தார்கள். பின் சீட் மெத்தையையும் கம்பளத்தையும் முழுக்க வெளியே எடுத்திருந்தார்கள். கம்பளத்தோடு டிரில் போட்டால் நூல் பிட்டில் சுற்றி ஒரே இழுப்பில் முழுக் கம்பளமும் நாசமாகும்.

போல்ட் விஷயத்தில் சென்னைக்கென்று ஒரு தப்பு உண்டு. கடல் காற்றில் துருப் பிடிக்கும் என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவது. பளபளப்பாக இருக்கும், துருவும் பிடிக்காது. ஆனால் கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கலைத் தாண்டினால் நீள ஆரம்பிக்கும், 8.8 தரம் 640 வரை தாங்கும். தலையில் தயாரிப்பாளர் முத்திரையும் 8.8 என்ற எண்ணும் இருக்கிற ஹை டென்சைல் போல்ட்டையே போட்டு, மேலே மெழுகு ஸ்ப்ரே அடித்தால் போதும். எம் 8-க்கு 25 நியூட்டன் மீட்டர், எம் 10-க்கு 49-ஐ ஒட்டி. நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) ஒருமுறை கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். எக்ஸாஸ்ட் ஓடும் டன்னலுக்குப் பக்கத்தில் நைலான் இளகும் என்பதால் அங்கே முழு உலோக லாக் நட். இந்தப் பட்டறையில் இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது, ஆச்சரியம்தான்.

அடுத்தது பேடிங். ரோல் பாரைச் சுற்றிக் கறுப்பு ஃபோம் ஒன்று போட்டிருந்தார்கள். விரலால் அழுத்தினால் அப்படியே குழாய் வரை போகிறது. ஏசி காப்பர் பைப்புக்கு மேல் மாட்டும் அதே ஃபோம். வியர்வையைத் தடுக்க உதவும், மண்டையைக் காக்க உதவாது. எஸ்எஃப்ஐ (அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பு) 45.1 அல்லது எஃப்ஐஏ 8857-2001 என்று எழுதிய பேடிங் கட்டை மாதிரி இருக்கும், பெருவிரலை ஊன்றி அழுத்தினாலும் லேசாகத்தான் அமுங்கும். பில்லில் "பேடிங்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் எது என்று கேளுங்கள். இதை மாற்றச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ரோட்டில் யாரும் ஹெல்மெட் போட்டுக் கார் ஓட்டுவதில்லை. வேளச்சேரி சிக்னலில் பின்னால் ஒரு வேன் வந்து இடித்தால், சாயும் சீட்டோடு தலை பின்னால் போய் ஸ்டீல் குழாயில் மோதும். ஹெட்ரெஸ்ட் இருக்கும் சாதாரண காரில் அது கழுத்து வலியோடு முடியும் விபத்து. ரோல் பாருக்கும் சாயாத சீட்டுக்கும் இருக்கும் உறவு இதுதான்: முதுகு சாயாத பக்கெட் சீட் தலையைக் குழாயிலிருந்து தள்ளி நிறுத்தும். கம்பெனி சீட்டை வைத்துக்கொண்டு ரோல் பார் மட்டும் போடாதீர்கள். சீட் மட்டும் போடலாம், அது வேறு.

பின் சீட்டில் ஆள் ஏற்றுவதும் முடிந்த கதை. பின்னால் உட்கார்கிறவர் முகத்துக்கு நேராக ஹார்னஸ் பார் இருக்கிறது. "குழந்தைகள்தானே, ஸ்கூலுக்குத்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. பின் இருக்கையில் பெல்ட் போட்டிருந்தாலும் பிரேக் அடித்தால் முகம் அங்கேதான் போய் நிற்கும்.

சீட்டுக்கு வருவோம். வந்தவை ஃபைபர் கிளாஸ் ஷெல், பக்கவாட்டில் போல்ட் மாட்டும் வகை. லேபிளில் தயாரித்த வருஷமும் மாசமும் இருக்கிறது. 8855-1999 சீட்டுக்குப் போட்டி ஆயுள் ஐந்து வருஷம், 8862-2009-க்குப் பத்து. ஜிபி ரோட்டிலும் இணையத்திலும் "ஜப்பான் ஒரிஜினல்" என்று வரும் பக்கெட் சீட்டுகளில் பல நகல்கள். பெயர் தைத்திருக்கும், எஃப்ஐஏ லேபிள் இருக்காது. மெத்தையைத் தூக்கி ஷெல்லைப் பாருங்கள். நகலில் ஃபைபர் இழைகள் தாறுமாறாக, பிசின் காய்ந்த சொட்டோடு இருக்கும், முதுகை இரண்டு கையால் முறுக்கினால் கொடுக்கும். தோள் பெல்ட் நுழையும் துளை உங்கள் தோளின் உயரத்தில் அல்லது சற்று மேலே இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. இடுப்பு அளவை உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பொங்கலுக்கு முன் வாங்கினால் பொங்கலுக்குப் பிறகும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

சீட்டில் குறை இல்லை. அதைத் தரையோடு சேர்த்த ஸ்டாண்டில்தான் மார்க் போனது. அடுக்கு இப்படி: காரின் பழைய சீட் போல்ட் துளைகளில் உட்காரும் அடாப்டர் பிளேட், அதன் மேல் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடர், அதன் மேல் எல் பிராக்கெட், அதில் சீட். இந்த அடுக்கில் சீட் பழைய உயரத்தைவிட 35 மி.மீ. ஏறிவிட்டது. ஐந்தடி பத்து அங்குல ஆள் ஹெல்மெட் போட்டால் உச்சி கூரைத் துணியில் உரசுகிறது. ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முஷ்டியாவது நுழைய வேண்டும். டிரைவர் சீட்டில் ஸ்லைடரை எடுத்துவிட்டு பிராக்கெட்டை நேராக அடாப்டரில் மாட்டியதும் 40 மி.மீ. இறங்கியது. ஒரே ஆள்தான் ஓட்டுவார் என்றால் ஸ்லைடர் எதற்கு? பயணி பக்கம் ஸ்லைடர் வைத்தார்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும் லாக் ஆகும் வகை. மோதலில் லாக் இல்லாத பக்கம் முன்னால் ஓடி சீட் கோணிக்கொள்ளும். கம்பியால் இணைத்த இரட்டை லாக் ஸ்லைடர் கேட்டு வாங்குங்கள்.

முன்பக்க போல்ட்டில் பார்த்தது இன்னும் மோசம். பிராக்கெட்டுக்கும் அடாப்டருக்கும் 12 மி.மீ. இடைவெளி. அதை நிரப்ப ஐந்து வாஷரை ஒன்றன் மேல் ஒன்றாக இட்லித் தட்டு மாதிரி அடுக்கியிருந்தார்கள். அடுக்கிய வாஷர் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். சீட் பக்கவாட்டில் இழுபடும்போது போல்ட் இழுவையை விட்டு வளைவைத் தாங்க ஆரம்பிக்கும், எம் 8 போல்ட் அதற்காகச் செய்ததல்ல. லேத்தில் கொடுத்து ஒரே துண்டாக ஒரு புஷ் கடைந்து வைப்பது அரை மணி நேர வேலை. அம்பத்தூரில் தெருவுக்கு நாலு லேத் இருக்கும்போது வாஷரை அடுக்குவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. சீட்டுக்குள் போகும் போல்ட்டின் நீளமும் கவனிக்க வேண்டியது. சிறிதாக இருந்தால் மரை பிய்ந்துகொள்ளும், நீளமாக இருந்தால் உள்ளே முட்டி நின்று, சீட் இறுகாமலே ரெஞ்ச் மட்டும் "டைட்" என்று சொல்லும். பிராக்கெட் இல்லாமல் போல்ட்டைக் கையால் முழுக்க உள்ளே ஓட்டி ஆழத்தை அளந்துகொள்வது நல்லது.

எஃப்ஐஏ கணக்கில் சீட்டுக்கு நாலு பிடிமானம், எம் 8, ஸ்டாண்ட் தகடு ஸ்டீலானால் 3 மி.மீ., அலுமினியமானால் 5. தரையில் புதிதாக ஓட்டை போட்டால் ஒவ்வொரு பிடிமானத்துக்கும் 40 சதுர செ.மீ. எதிர்த் தகடு. இங்கே பழைய துளைகளையே பயன்படுத்தியிருப்பதால் அந்தக் கவலை இல்லை.

பலரும் மறப்பது பெல்ட் பக்கிள். கம்பெனி மூன்று முனை பெல்ட்டின் பக்கிள் பல கார்களில் சீட்டிலேயே மாட்டியிருக்கும். சீட்டைக் கழற்றினால் பக்கிளும் போய்விடும். ரோட்டில் ஓட்ட மூன்று முனை பெல்ட் வேண்டும், ஆறு முனையை மாட்டிக்கொண்டு தி. நகர் பார்க்கிங் டோக்கனை எட்டி வாங்க முடியாது. அடாப்டரில் பக்கிளுக்கென்று 7/16 அங்குல யூஎன்எஃப் மரை போட்ட ஒரு காது வெல்ட் செய்திருக்கிறார்கள், சரி. காருக்குள் இருக்கும் பெல்ட் மரைகள் பெரும்பாலும் இந்த 7/16 யூஎன்எஃப். எம் 12-க்குப் பக்கத்து அளவு என்பதால் ரெஞ்ச் போட்டு எம் 12-ஐத் திணித்துவிடுவார்கள். மரை அறுந்து, பெல்ட் தொங்குவது பேருக்குத்தான். பக்கிளின் ஒயரையும் பழைய சாக்கெட்டிலேயே சேர்க்க வேண்டும். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம் என்பதால், ஒயரை விட்டுவிட்டால் வண்டி கத்திக்கொண்டே வரும்.

இந்தியாவில் விற்ற போலோ ஜிடியில் ஏர்பேக் முன்னால் இரண்டுதான், சீட்டுக்குள் எதுவும் இல்லை, வேலை சுலபம். சீட்டில் பக்க ஏர்பேக் இருக்கும் கார்களில் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிஷமாவது காத்திருந்து, பிறகுதான் சீட்டின் அடிச் சாக்கெட்டைத் தொட வேண்டும். சாக்கெட்டைப் பிடுங்கியபின் இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும். ரெசிஸ்டர் வைத்து விளக்கை அணைக்கும் வித்தை எல்லாருக்கும் தெரியும். அணைவது விளக்கு மட்டும்தான், பக்க ஏர்பேக் போனது போனதுதான்.

பூஜ்யம் வாங்கிய இடம் தோள் பெல்ட். ஹார்னஸ் பார் தோள் உயரத்தில் கச்சிதமாக நிற்க, பெல்ட்டை அதில் சுற்றாமல், பின் சீட் பெல்ட்டின் தரைக் கொக்கியில் ஐ போல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். பின் சீட் மெத்தையை மறுபடி மாட்ட வசதியாம். பெல்ட் தோளிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. மோதலில் உடம்பு முன்னால் போகப் பார்க்கும், பெல்ட் தோளைக் கீழே அழுத்தும், இரண்டுக்கும் நடுவே நசுங்குவது முதுகெலும்பு. விதி 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது என்கிறது, நல்லது என்று சொல்வது 10 டிகிரியைத்தான். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் போட்டால் 10-லிருந்து 20-க்குள். சீட்டின் துளைக்கும் பாருக்கும் 400 மி.மீ. தூரம் என்று வையுங்கள்: 10 டிகிரிக்கு பார் 70 மி.மீ. தாழ்ந்திருக்கும், 20 டிகிரிக்கு 145. அளவு டேப் போதும், ஆப் எதுவும் வேண்டாம்.

சொன்ன பிறகு பாரில் சுற்றி, மூன்று கம்பி பக்கிளில் பெல்ட்டைத் திரும்பவும் நுழைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். பெல்ட் பாரில் பக்கவாட்டில் ஓடாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்னக் காது வைத்திருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும். கவட்டைப் பெல்ட் சீட்டின் நடுத்துளை வழியாக நேராக இறங்குகிறது, அதில் குறையில்லை. அது இல்லாத நாலு முனை பெல்ட்டை ஸ்டைலுக்கு மாட்டுகிறவர்களுக்கு: தோள் பெல்ட்டை இறுக்க இறுக்க இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும், மோதலில் உடம்பு அதற்கு அடியில் வழுக்கிப் போகும். ஆறு முனை போட்டால் ஹான்ஸும் போடுங்கள். உடம்பைக் கட்டிவிட்டுத் தலையை மட்டும் அவிழ்த்து விடுவது கழுத்துக்கு ஆகாது.

ஓட்டுவதற்கு எப்படி? சத்தம் கூடியிருக்கிறது. பின் சீட்டைச் சுற்றி இருந்த பஞ்சு கொஞ்சம் வெட்டப்பட்டதும், பி பில்லர் பிளாஸ்டிக் ஹூப்பில் உரசுவதும் காரணம். உரசும் இடத்தில் ஃபெல்ட் டேப் ஒட்டினால் கிறீச் சத்தம் நின்றுவிடுகிறது. பின் கண்ணாடியில் டயகனல் ஒரு கோடாகத் தெரியும், இரண்டு நாளில் பழகிவிடும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் ஹார்னஸ் பாரைக் கையால் தொடாதீர்கள்.

சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாகக் காரை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேர் என்று ஆர்சியில் இருக்கும் காரில் பின் சீட்டைக் கழற்றினாலே மாற்றம்தான். இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் சொல்லாமல் மாட்டினால் கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் முதலில் படம் எடுப்பது ரோல் பாரைத்தான். எனவே இந்த வேலை டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, எடுத்துப் போகும் காருக்குத்தான் சரி. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சர்க்யூட்டில் டைம் பார்க்க இது தாராளம். லைசென்ஸ் எடுத்துப் பந்தயத்தில் இறங்குகிறவருக்கு அரை கேஜ் போதாது, அங்கே முன் கால்களும் கதவுக் குழாய்களும் உள்ள முழு கேஜ் வேண்டும். பின்னால் அந்த யோசனை இருந்தால் இந்தப் பணத்தை இதில் போடாதீர்கள். போல்ட் கிட்டை முழு கேஜாக வளர்ப்பது, கழற்றிப் போட்டு முதலிலிருந்து செய்வதைவிடச் செலவு.

இதே பட்டறைக்குப் போகலாமா? போகலாம், கையில் ஒரு தாளோடு. டியூப் அளவும் ஹீட் நம்பரும், தகட்டின் பரப்பு, போல்ட் தரம், பேடிங்கின் பெயர், ஸ்லைடர் இரட்டை லாக், தோள் பெல்ட் ஹார்னஸ் பாரில், இவை ஒவ்வொன்றும் கொட்டேஷனில் தனி வரியாக இருக்கட்டும். "ஃபிட்டிங் கம்ப்ளீட்" என்று ஒற்றை வரியில் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். குழாய் வேலையை உரிமையாளரே செய்கிறார், அதில் கை சுத்தம். சீட் வேலையைப் பையன்களிடம் விடுகிறார், அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

டெலிவரி எடுக்கும் முன் எல்லா போல்ட்டுக்கும், தலையிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை டார்க் ரெஞ்ச், அப்புறம் ஒவ்வொரு டிராக் டே முடிந்ததும் டார்ச் லைட்டோடு கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டாக விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் ரெஞ்ச் நகர்ந்தால், தகட்டுக்கு நடுவே இன்னும் தார் மிச்சம் இருக்கிறது.